இன்டர்வியூவுக்கு எந்த டை முடிச்சு? ஒண்ணே ஒண்ணு போதும், ஆனா அதை கைக்கு கத்துக்குடுங்க

தம்பி கேட்டது இதுதான்: இன்னும் ரெண்டு வாரத்துல கேம்பஸ் இன்டர்வியூ, டை கட்டிட்டுதான் வரணும்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க, கையில இருக்கறது அப்பா அவரோட ரிசப்ஷனுக்கு கட்டின பழைய பட்டு டை, வீடியோ பாத்து ஃபுல் விண்ட்சர்ங்கற முடிச்சு கட்டினா கழுத்துல கொழுக்கட்டை வச்ச மாதிரி நிக்குது, ஒரு தடவை முனை ஜிப்புக்கு கீழ தொங்குது, அடுத்த தடவை தொப்புளுக்கு மேலயே நின்னுடுது, ஹைட் 5 அடி 5 அங்குலம், எந்த முடிச்சு கத்துக்கணும், மொத்தம் எத்தனை கத்துக்கணும், டை பின் வேணுமா.

நான் 17 வருஷம் மெடிக்கல் ரெப்பா தெற்கு மாவட்டங்கள்ல சுத்தினவன். தினம் காலையில டை கட்டணும், மதியம் வெயில்ல தளர்த்தணும், சாயந்தரம் டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி மறுபடி இறுக்கணும். புதுசா சேர்ற பசங்களுக்கு டை கட்ட சொல்லிக்குடுக்கற வேலையும் ரொம்ப நாள் எங்கிட்டதான் இருந்துச்சு. அதனால நேரா சொல்லிடறேன். ஃபோர் இன் ஹேண்ட்னு ஒரு முடிச்சு இருக்கு. அதை மட்டும் கத்துக்கங்க, விண்ட்சரை இப்போதைக்கு மறந்துடுங்க.

ஏன்னா உங்க முடிச்சு பெருசா நிக்கறதுக்கு உங்க கை காரணம் இல்ல, அந்த டைதான் காரணம். அந்தக் காலத்து ரிசப்ஷன் டை பெரும்பாலும் 4 அங்குல அகலம் இருக்கும், உள்ள லைனிங் துணியும் கனமா வச்சு தைச்சிருப்பாங்க. விரல்ல நசுக்கிப் பாருங்க, கம்பளி மாதிரி ஒரு மெத்துனு தெரியும். முடிச்சோட பருமனை முடிவு பண்றது ரெண்டு விஷயம்தான், துணி எவ்வளவு தடிமன், அதை எத்தனை சுத்து சுத்தறோம். ஃபுல் விண்ட்சர்ல கழுத்துச் சுருக்குக்குள்ள, அதாவது கழுத்தைச் சுத்தி நிக்கற வளையத்துக்குள்ள, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சுத்து போட்டு, அப்புறம் முன்னாடி குறுக்க ஒரு சுத்து போட்டு மேல ஏத்தி இறக்குவோம். தடிமனான டைய வச்சு அத்தனை சுத்து போட்டா கொழுக்கட்டை வராம வேற என்ன வரும்?

விண்ட்சர்னு பேர் இருக்கறதால அதுதான் ராஜா வீட்டு முடிச்சு, அதுதான் உசத்தின்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 1936ல சிம்மாசனத்தை விட்டுட்டுப் போன இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்டுக்கு அப்புறம் கிடைச்ச பட்டம்தான் விண்ட்சர் டியூக், முடிச்சோட பேர் அவரை வச்சுதான். அவர் அந்த முடிச்சை கட்டினதே இல்ல. அவருக்கு முடிச்சு கொஞ்சம் கனமா தெரியணும், அதுக்காக டைக்குள்ள தடிமனான லைனிங் வச்சு தைக்கச் சொல்லி, அதுல சாதா ஃபோர் இன் ஹேண்ட்தான் கட்டினார். ஜனங்க போட்டோவைப் பாத்துட்டு அதே பருமன் மெல்லிசு டைல வரணும்னு சுத்து மேல சுத்து போட்டாங்க, அது அவர் பேர்லயே நின்னுடுச்சு. உங்க அப்பா டையும் அந்த டியூக் டை மாதிரி தடிமன்தான், டியூக் பண்ணதையே நீங்களும் பண்ணுங்க.

இப்ப கட்டற முறை. முதல்ல சட்டை மேல் பட்டனை போடுங்க, காலரை தூக்கி விடுங்க. டைய கழுத்துல போடும்போது அகலமான பக்கம் உங்க வலது கைப் பக்கம் வரட்டும், தையல் தெரியற பக்கம் உடம்பைப் பாத்து இருக்கட்டும். சின்ன பக்கத்தோட நுனி தொப்புளுக்கு கொஞ்சம் மேல இருக்கற மாதிரி வச்சு ஆரம்பிங்க, இந்த இடத்தை அப்புறம் மாத்திக்கலாம். பெரிய பக்கத்தை சின்னது மேல குறுக்க போட்டு இடது பக்கம் கொண்டு போங்க. அங்கேருந்து சின்னதுக்கு அடியில விட்டு வலது பக்கம் எடுங்க. மறுபடி முன்னாடி குறுக்க இடது பக்கம் கொண்டு போங்க, இந்த சுத்துதான் வெளிய தெரியப் போற முகம், அதனால இங்க சுருக்கம் விழாம பாத்துக்கங்க. அப்புறம் கழுத்துச் சுருக்குக்கு அடியிலேருந்து மேல எடுங்க, எடுத்ததை அந்த முகத்துக்குள்ள, அதாவது முன்னாடி குறுக்க போச்சே ஒரு பட்டை, அதுக்குள்ள மேலேருந்து கீழ விட்டு இழுங்க. அவ்வளவுதான். இறுக்கும்போது பெரிய பக்கத்தை இழுத்து முடிச்சை முதல்ல கெட்டியாக்கணும், அப்புறம்தான் சின்ன பக்கத்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு முடிச்சை காலர் வரைக்கும் மேல தள்ளணும். நிறைய பேர் இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணிதான் முடிச்சை நசுக்கிடறாங்க.

கட்டி முடிச்சதும் முடிச்சு லேசா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கும். அது தப்பு இல்ல தம்பி, இந்த முடிச்சோட சுபாவமே அதுதான். நேரா முக்கோணமா வரணும்னு பிடிச்சு இழுத்து சரி பண்ணாதீங்க.

கத்துக்கற விதம் பத்தி சொல்றேன், ஏன்னா பசங்க சிக்கறது இங்கதான். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல மதுரைல ஒரு லாட்ஜ் ரூம்ல தங்கியிருந்தேன், கூட ஒரு சீனியர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். காலைல ஏழு மணி, கண்ணாடி முன்னாடி நின்னு நாலு நாளா கட்டியும் எனக்கு வரல. அவர் எதிர்ல நின்னு கட்டிக் காட்டுவார், அவர் வலது எனக்கு இடதா தெரியும், கண்ணாடியப் பாத்தா அது இன்னும் மாறிப் போகும். அன்னிக்கு கரன்ட் போயிடுச்சு. அந்த ரூம்ல ஜன்னலும் பேருக்குதான் இருந்துச்சு. அவர் என் பின்னாடி வந்து நின்னு ரெண்டு தோள் மேலயும் கையப் போட்டு, "உன் கைய என் கை மேல வைடா, கண்ணைத் திறந்தும் பிரயோஜனம் இல்ல, மூடிக்க"ன்னார். என் கை அவர் கையோடயே போச்சு. மேல குறுக்க, அடியில, மறுபடி குறுக்க, மேல, உள்ள. மூணு தடவை அப்படி போனதும் நாலாவது தடவை அவர் கைய எடுத்துட்டார், எனக்கு அது தெரியவே இல்ல. கரன்ட் வந்தப்ப டை கழுத்துல இருந்துச்சு.

அன்னிலேருந்து யாருக்கு சொல்லிக்குடுத்தாலும் பின்னாடி நின்னுதான் சொல்லிக்குடுப்பேன். உங்களுக்கு வீட்டுல டை கட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னாடி வந்து நிக்கச் சொல்லுங்க. இல்லையா, வீடியோவை ஒரே ஒரு தடவை பாத்து நான் மேல சொன்ன அஞ்சு வார்த்தையை மனசுல வச்சுக்கிட்டு போனை மூடிடுங்க. உக்காந்து, முழங்காலை மடக்கி, தொடையைச் சுத்தி டைய போட்டு அங்க கட்டிப் பழகுங்க, கண்ணாடி வேண்டாம், கைய நேரா பாக்கலாம். அதுல பத்து தடவை, அப்புறம் கழுத்துல பத்து தடவை, கடைசியா கண்ணை மூடிக்கிட்டு. ஒரே நாள்ல இருபத்தஞ்சு தடவை கட்டறதை விட தினம் அஞ்சு தடவைன்னு அஞ்சு நாள் கட்டினாதான் கையில நிக்கும். உங்களுக்கு ரெண்டு வாரம் இருக்கு, தாராளம்.

பழக்கத்துக்கு அப்பா டைய எடுக்காதீங்க. பட்டுத் துணி திரும்பத் திரும்ப ஒரே இடத்துல மடங்கினா அங்க தேஞ்சு பளபளப்பு போயிடும். பிளாட்பாரத்துல கிடைக்கற சாதா பாலியஸ்டர் டை ஒண்ணு வாங்கி அதுல பழகுங்க.

அடுத்தது நீளம். ரெடிமேட் டை பெரும்பாலும் 57, 58 அங்குலம் இருக்கும். பெரிய பக்கத்து முனை பெல்ட் பக்கிளை தொடணும், கூட போனா பக்கிளோட கீழ் ஓரம் வரைக்கும் போகலாம், அதுக்கு மேலயும் கீழயும் வேண்டாம். ஒவ்வொரு சுத்தும் கொஞ்சம் நீளத்தை தின்னும். விண்ட்சர் நிறைய தின்னும், ஃபோர் இன் ஹேண்ட் கொஞ்சமா தின்னும். நீங்க 5 அடி 5, அதனால இந்த முடிச்சுல உங்களுக்கு துணி மிச்சமாகும். மிச்சத்தை பெரிய பக்கத்துக்கு குடுத்தாதான் ஜிப்புக்கு கீழ தொங்குது, அதை சின்ன பக்கத்துக்கு குடுத்துடுங்க. அதாவது ஆரம்பிக்கும்போதே சின்ன நுனியை இன்னும் ரெண்டு அங்குலம் கீழ இறக்கி வச்சுக்கங்க. கட்டி முடிச்சதும் சின்னது பெருசை விட நீளமா வந்துச்சுன்னா, டை பின்னாடி இருக்கற லூப்ல விட்டுட்டு மீதியை சட்டையோட மூணாவது நாலாவது பட்டனுக்கு நடுவுல உள்ள சொருகிடுங்க, வெளிய யாருக்கும் தெரியாது. சரியான இடம் கிடைச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. சின்ன நுனி சட்டையோட எத்தனாவது பட்டன் கிட்ட ஆரம்பிச்சுச்சுன்னு பாத்து வச்சுக்கங்க. உங்களுக்கு அதுதான் அளவு, அந்த டைக்கு அது மாறவே மாறாது. ஒரு தடவை மேல ஒரு தடவை கீழன்னு வர்றது முடிச்சால இல்ல, தினம் வேற வேற இடத்துல ஆரம்பிக்கறதாலதான்.

ரெண்டு பேர் ஒரே டைய ஒரே மாதிரி கட்டியிருந்தும் ஒருத்தருது மட்டும் அழகா தெரியும், பாத்திருப்பீங்க. முடிச்சுக்கு நேர் கீழ ஒரு சின்ன குழி இருக்கும், கன்னத்துல விழுற குழி மாதிரி. கடைசியா இழுத்து இறுக்கறதுக்கு முன்னாடி ஆள்காட்டி விரலை முடிச்சுக்கு அடியில நடு மையத்துல வச்சு அமுக்கி, கட்டை விரலும் நடு விரலும் ரெண்டு ஓரத்தையும் உள்பக்கமா மடிக்கணும், அப்படியே பிடிச்சுக்கிட்டு மெதுவா இழுக்கணும், விரலை கடைசில உருவணும். அப்பா டை தடிமன்ங்கறதால குழி நல்லா ஆழமா விழும், நாள் முழுக்க நிக்கும். மெல்லிசு பாலியஸ்டர்ல விழுந்த பத்து நிமிஷத்துல காணாம போயிடும், அதுல வரலைன்னு கவலைப்படாதீங்க. எனக்கு டைலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இந்தக் குழிதான், இது இருந்தா பழைய டை கூட புதுசு மாதிரி நிக்கும்.

டைய விட காலர் முக்கியம்னு கூட சொல்வேன். மேல் பட்டனை போட்டுட்டு கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். மூச்சு முட்டினா அது டையோட குத்தம் இல்ல, சட்டை சைஸ் குத்தம். ஃபார்மல் சட்டைல 39, 40, 42ன்னு போட்டிருக்கறது பெரும்பாலும் காலர் சுத்தளவு, சென்டிமீட்டர்ல. கழுத்தை டேப் வச்சு அளந்துட்டு கடைக்குப் போங்க, மார்பு அளவுன்னு நினைச்சு வாங்கிடாதீங்க. காலர் முனை ரெண்டும் கிட்ட கிட்ட இருந்தா சின்ன முடிச்சு, விரிஞ்சு இருந்தா பெரிய முடிச்சு உக்காரும். நம்ம ஊர் கடைல வர்ற சாதா காலருக்கு ஃபோர் இன் ஹேண்ட் பொருந்தும். ரொம்ப விரிஞ்ச காலர்ல மட்டும்தான் முடிச்சுக்கு ரெண்டு பக்கமும் டைப் பட்டை வெளிய தெரியும், அங்க வேற முடிச்சு பாக்கலாம்.

அந்த வேற முடிச்சு பிற்பாடு தேவைப்பட்டா ஹாஃப் விண்ட்சர். மெல்லிசு டை, விரிஞ்ச காலர், இல்லேன்னா உங்களை மாதிரி ஹைட் கம்மியா இருந்து நீளத்தை குறைக்கணும்னா அது கை குடுக்கும். ஆரம்பம் அதேதான், பெருசு மேல குறுக்க இடது பக்கம், அடியில விட்டு வலது பக்கம். இங்க மாறும். முன்பக்கமா மேல தூக்கி கழுத்துச் சுருக்குக்குள்ள மேலேருந்து கீழ விட்டு இடது பக்கம் எடுக்கணும், அப்புறம் முன்னாடி குறுக்க வலது பக்கம், அடியிலேருந்து மேல, முகத்துக்குள்ள கீழ. முடிச்சு கிட்டத்தட்ட முக்கோணமா வரும். வேலை கிடைச்சு, மெல்லிசா ஒரு டை வாங்கின பிறகு கத்துக்கங்க, இப்ப ரெண்டையும் சேர்த்து பழகினா நடுவுல எது எதுன்னு கை குழம்பும்.

எத்தனை முடிச்சு இருக்குன்னு கேட்டா, 1999ல கேம்பிரிட்ஜ்ல தாமஸ் ஃபிங்க், யோங் மாவ்னு ரெண்டு இயற்பியல்காரங்க உக்காந்து கணக்கே போட்டுட்டாங்க, நேச்சர் இதழ்ல வந்துச்சு. ஒவ்வொரு முடிச்சையும் இடது, வலது, நடு, வெளிய, உள்ளன்னு நடை மாதிரி எழுதி, சாதா டைல கட்டக்கூடியது 85னு சொன்னாங்க, அதுல அழகா இருக்கறதுன்னு தனியா எடுத்தது 13தான். அவங்க கணக்குல ஃபோர் இன் ஹேண்டுக்கு 4 நடை, ஹாஃப் விண்ட்சருக்கு 6, ஃபுல் விண்ட்சருக்கு 8. நடுவுல 5 நடைல பிராட்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல மினியாபொலிஸ்ல ஜெர்ரி பிராட்ங்கற வயசானவர் டான் ஷெல்பிங்கற டிவி நியூஸ்காரருக்கு சொல்லிக்குடுத்தது, 1989ல நியூயார்க் டைம்ஸ்ல செய்தியா வந்து பிரபலமாச்சு. டைய உள்வெளியா திருப்பிப் போட்டு ஆரம்பிக்கற முடிச்சு அது, நல்லாவே இருக்கும். இதெல்லாம் நான் ஆசையா கத்துக்கிட்டவன், ஒவ்வொண்ணும் கட்டிப் பாக்கவே ஒரு சந்தோஷம். ஆனா இன்டர்வியூ எடுக்கறவர் முடிச்சோட பேரைப் பாக்கப் போறதில்ல, முனை பக்கிள்ல நிக்குதா, முடிச்சு காலரோட ஒட்டி இருக்கா, மேல் பட்டன் தெரியுதா, அதைத்தான் பாப்பார்.

அப்பா டைய இன்டர்வியூவுக்கு கட்டலாமான்னு ஒரு சந்தேகம் உங்களுக்கு இருக்கும்னு தோணுது. கட்டலாம், ஆனா முதல்ல சோதிங்க. சின்ன நுனியைப் பிடிச்சு தொங்க விடுங்க. நேரா தொங்கினா நல்ல டை, முறுக்கிக்கிட்டு சுத்தினா துணிய சரியான கோணத்துல வெட்டலைன்னு அர்த்தம், எப்படிக் கட்டினாலும் திரும்பிக்கும். 1920கள்ல நியூயார்க்ல ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப்னு ஒரு டைக்காரர்தான் துணிய 45 டிகிரி சாய்வா வெட்டி மூணு துண்டா இணைச்சுத் தைக்கற முறையக் கொண்டு வந்தார், முடிச்சு அவிழ்த்ததும் டை பழையபடி நேரா ஆகறது அந்த சாய்வு வெட்டாலதான். அப்புறம் டைய திருப்பி அகலப் பக்கத்துக்குள்ள எட்டிப் பாத்தா ஒரு நூல் லூஸா தொங்கலாம். அறுந்து போச்சுன்னு வெட்டிடாதீங்க! முழு நீளத்துக்கும் டைய பிடிச்சு வச்சிருக்கறது அந்த ஒத்தை நூல்தான், துணி இழுபடும்போது கூடவே குடுத்து வாங்கறதுக்காக லூஸா விட்டிருப்பாங்க. கறை இருந்தா, நிறம் வெளிறியிருந்தா மட்டும் புதுசு பாருங்க. 3 லேருந்து 3.5 அங்குல அகலம், நீலம் இல்லேன்னா மெரூன், ப்ளெயின் இல்லேன்னா சின்ன புள்ளி, போதும்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒண்ணு சொல்லணும். வேர்வை பட்டுல பட்டா திட்டு திட்டா நிக்கும். பஸ்ல போறதா இருந்தா டைய உருட்டி ஷூக்குள்ள வைக்கற பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம், சுத்தமான கவர்ல லூஸா உருட்டி பேக்ல மேல வச்சு எடுத்துட்டுப் போங்க, அங்க போய் முகம் கழுவி கழுத்து நல்லா காஞ்சதும் கட்டுங்க. சாப்பிடறதா இருந்தா முனையை சட்டைக்குள்ள சொருகுங்க. சாம்பார் எண்ணெய் பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க, டிஷ்யூ வச்சு ஒத்தி எடுத்துட்டு ராத்திரி டால்கம் பவுடர் தூவி விட்டுட்டு காலைல தட்டி விடுங்க, எண்ணெய் நிறைய இழுத்துக்கும், மீதிக்கு டிரை கிளீனிங். அவிழ்க்கும்போது சின்ன பக்கத்தை சர்னு உருவாதீங்க, கட்டினதுக்கு நேர் தலைகீழா ஒவ்வொண்ணா பிரிங்க. முடிச்சோடயே ஆணில மாட்டி வச்சு மறுநாள் தலை வழியா போடறது ஹாஸ்டல்ல சகஜம், அதுலதான் நல்ல டையெல்லாம் செத்துப் போகுது.

உங்க காலேஜ்ல ஒர்க்‌ஷாப், லேப் பக்கம் அதே டிரஸ்ல போக வேண்டி வந்தா டைய கழட்டிட்டுதான் போகணும், சுத்தற மெஷின் பக்கத்துல டை உயிருக்கே ஆபத்து, இதுல எந்த சமாதானமும் கிடையாது.

கடைசியா டை பின் வேணுமான்னு கேட்டிருந்தீங்க. கட்டாயம் இல்ல, ஆனா ஃபேன் காத்துல பறக்காம இருக்க ஒண்ணு இருந்தா நல்லதுதான். மூணாவது நாலாவது பட்டனுக்கு நடுவுல, டையோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்து சட்டையோட பட்டன் பட்டையில மாட்டணும், டைய மட்டும் பிடிச்சு மாட்டினா ஒரு உபயோகமும் இல்ல. பின் டை அகலத்தை விட சின்னதா இருக்கணும். மாட்டினதும் முடிச்சுக்கு கீழ துணிய ஒரு கால் அங்குலம் மேல தூக்கி லூஸ் விடுங்க, இல்லேன்னா நீங்க உக்காரும்போது டை விறைச்சு முடிச்சை கீழ இழுத்துடும்.